ரீனா டீச்சருக்கு வகுப்பு கிடைத்த கதை

1

போன ஞாயிறு எங்கள் பங்குக் கோவிலில் பூசை முடிந்ததும் என் மகள் ரீனாவை மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாங்கள் இருப்பது அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில்; சுற்றிலும் மக்காச்சோளக் காடு, நடுவில் ஒரு சின்ன டவுன். கோவிலில் இந்தக் கோடைக்கு ஊழியப் பயணம் போக ஆள் சேர்க்கிறார்கள். போன வருடம் திண்டுக்கல் போய்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவள் என்ற முறையில் அவளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள்.

மூன்று நிமிடத்தில் என்னத்தைச் சொல்வது? வெயில் என்றாள், மாம்பழம் என்றாள், பிள்ளைகள் பாசமாக இருந்தார்கள் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி பெஞ்சில் இருந்த எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்துபோய் மைக்கைப் பிடுங்கி, அதெல்லாம் கிடக்கட்டும், நடந்ததைச் சொல்லுடி என்று கத்த வேண்டும்போல இருந்தது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு என்னைப் பற்றித் தெரியும்.

அங்கே சொல்ல விடாததை இங்கே உங்களுக்கு எழுதுகிறேன். இதெல்லாம் நம் ஊர்க்காரர்களுக்குத்தான் புரியும்.

2

இங்குள்ள பெரிய வகுப்புப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு நாட்டுக்குப் போய் ஊழியம் செய்வது வழக்கம். ஒரு வருடம் மெக்சிகோ போய் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். எங்கள் மறைமாவட்டத்தில் சில காலம் படித்துவிட்டுப் போன ஃபாதர் ஒருவர், திண்டுக்கல்லில் ஒரு பங்குக்குச் சாமியாராகப் போயிருந்தார். தன் பங்குப் பள்ளியில் கோடைகால ஆங்கில வகுப்பு நடத்தப் பிள்ளைகளை அனுப்புங்கள் என்று அவர்தான் கேட்டிருந்தார். ஆங்கிலம் மட்டும்தான், பிரசங்கம் கிடையாது, எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள் என்று முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டார்.

கோவில் அறிவிப்புப் பலகையில் நம் ஊர்ப் பெயரைப் பார்த்தபோது என் கையில் காபியும் டோனட்டும் இருந்தன. டோனட் கீழே விழுந்தது. கல்யாணமாகி இங்கே வந்த தொண்ணூறாம் வருடத்திலிருந்து, நான் எந்த ஊர் என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் முதலில் இந்தியா, பிறகு தெற்கு, பிறகு மதுரைப் பக்கம் என்று படிப்படியாக இறங்கி வருவேன். திண்டுக்கல்லுக்கு வருவதற்குள் கேட்டவர் போயிருப்பார். இப்போது ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு தென்னைமரம் வேறு வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த வாரம் முழுக்க நான்தான் ஊரில் பெரிய ஆள். நான் வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டின் ரொட்டிக் கவுண்டருக்கே வந்து கேட்டார்கள்: தண்ணீரைக் குடிக்கலாமா, பாம்பு வருமா, கரண்டு இருக்குமா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொன்னேன்.

ரீனா பெயர் கொடுத்தாள். அம்மா ஊர் என்பதற்காக இல்லை. அவளுடைய தோழிகள் எல்லோரும் போகிறார்கள் என்பதற்காக. எட்டு வயதில் ஒருமுறை ஊருக்குக் கூட்டிப்போனேன். வயிற்றுப்போக்கும் கொசுக்கடியுமாகத் திரும்பி வந்தவள், அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. வீட்டில் நான் தமிழில் பேசுவேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பத்து வயதிலிருந்து அப்படித்தான். எவ்வளவு புரிகிறது என்று எனக்கே தெரியாது. திட்டினால் மட்டும் நன்றாகப் புரியும்.

பயணச் செலவுக்காகப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் கோவில் வாசலில் கார் கழுவினார்கள். திண்டுக்கல் போவதற்காக என் மகள் நெப்ராஸ்காவில் கார் கழுவிய அழகை நான் ஜன்னல் வழியே நின்று பார்த்தேன். குழுத் தலைவி கரோல் என்னையும் மொழிபெயர்க்க வரச் சொன்னபோது, ரீனா எனக்கு நிபந்தனை போட்டாள். தோழிகள் முன்னால் சோறு ஊட்டக்கூடாது. போனில் கத்திப் பேசக்கூடாது. எக்காரணம் கொண்டும் அழக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

விசா படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருந்தது. குடியுரிமை மாற்றிக்கொண்டதால் பிறந்த ஊருக்குப் போக எனக்கும் விசா வேண்டும். அந்தக் கட்டத்தின் முன் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் எழுத நினைத்தது அதில் அடங்காது. என் மகளுக்கு என் ஊரைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் நோக்கம். இந்தத் தடவையும் தவறினால் காலேஜ், வேலை என்று போய்விடுவாள், பிறகு அவளை யார் திண்டுக்கல் கூட்டிவருவது?

3

திருச்சியிலிருந்து வேனில் வந்தோம். எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணில் பட்டதும் நான் வேனுக்குள்ளேயே எழுந்து நின்று, அதோ அதோ என்று எல்லோருக்கும் காட்டினேன். தலை கூரையில் இடித்தது. இவ்வளவு பெரிய பாறை ஊருக்கு நடுவில் எப்படி வந்தது என்று டைலர் கேட்டான். எங்கள் குழுவில் ஆறடிக்கு மேல் வளர்ந்த, பொன்னிறத் தலைமுடிக்காரப் பையன். ஆண்டவர் வைத்தார் என்றேன் நான்.

பிள்ளைகளைக் கன்னியர் மடத்து விடுதியில் தங்கவைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்திருப்பதால் விவரம் எடுத்துப் போக ஒரு போலீஸ்காரர் வந்தார். ரொம்ப மரியாதையான மனிதர். வரிசையாக எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி எழுதினார். ரீனாவைத் தாண்டிப் போய்விட்டார். அவள் தானாகவே தன் பாஸ்போர்ட்டை நீட்டினாள். அவர் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாருதும்மா, கீழ கெடந்துச்சா?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் தொடக்க விழா. நெப்ராஸ்காவில் வகுப்பு தொடங்குவது என்றால் கதவைத் திறந்து உள்ளே போவார்கள். நம் ஊரில் அப்படி முடியுமா? மைக் செட், வாழைமரம், குத்துவிளக்கு, ஆளுக்கொரு பொன்னாடை. என் அண்ணன் மனைவி சகாயம் மதினி விடியும் முன்பே விடுதிக்கு வந்துவிட்டார். கையில் சின்னாளபட்டி சுங்குடியில் பாவாடை தாவணி, கதம்பம், கண்ணாடி வளையல். ரீனா மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். தோழிகள் எல்லோரும் பொறாமையில் போட்டோ எடுத்தார்கள். அன்று காலை எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்தத் தராசில் நிறுப்பது? என் மகள், திண்டுக்கல் தாவணியில், திண்டுக்கல் மேடையில்.

மதினி இன்னும் ஒரு படி மேலே போய், வாசலில் சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு வைத்திருந்த மேசைக்குப் பின்னால் அவளை நிறுத்திவிட்டார். வந்த பெற்றோர் எல்லோர் மேலும் ரீனா ஆசையோடு பன்னீர் தெளித்தாள். ஒருவர்கூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார்கள்.

4

ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு அறை என்று ஃபாதர் பிரித்துக் கொடுத்திருந்தார். பெயர் வாசித்துப் பிள்ளைகளை அனுப்பினார்கள். கால் மணி நேரத்தில் ரீனாவின் அறைக்கு வெளியே ஒரு தகப்பனார் வந்து நின்றார். சைகை காட்டி மகனைக் கூப்பிட்டார். பிறகு இன்னொரு தாய். பிறகு இன்னொருவர். எல்லோரும் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் டைலர் அறையில் விட்டார்கள். அங்கே பெஞ்சில் இடமில்லாமல் பிள்ளைகள் தரையிலும் ஜன்னல் திண்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். இந்த டைலர் பள்ளியில் ஆங்கிலப் பாடத்தில் தட்டுத்தடுமாறித் தேறியவன். ரீனா அதே பாடத்தில் பரிசு வாங்கியவள்.

நான் சும்மா இருப்பேனா? வாசலில் போய் நின்றுகொண்டு முதலில் மாட்டிய தகப்பனாரை மடக்கினேன். டவுனில் கடை வைத்திருப்பவர். அவள் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழே சரியாக வராது, உங்களுக்கு வேண்டிய ஆங்கிலம் அவளிடம்தான் இருக்கிறது என்றேன். அவர் கோபப்படவில்லை. ரொம்பப் பொறுமையாக எனக்கு விளக்கினார்.

"பொறந்துருக்கும்மா, நான் இல்லைங்கல. ஆனா பாக்க நம்ம புள்ளயாட்டம்ல இருக்கு. நம்ம புள்ள பேசுற இங்கிலீஷக் கேக்கவா எம் மகன இங்க கொண்டாந்து விடுறேன்?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஃபாதர் வந்து என்னைச் சமாதானப்படுத்தி உள்ளே அனுப்பினார். மறுநாள் அவள் அறையில் மிஞ்சிய பிள்ளைகளில் ஒருத்தி தூங்கிவிட்டாள். அதற்கு மறுநாள் யாரும் வரவில்லை. வெறும் பெஞ்சுகளைப் பார்த்தபடி கரும்பலகையில் அழகாகத் தன் பெயரை எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என் பெண். பக்கத்து அறையில் டைலர் பாட, நூறு பிள்ளைகள் கூடவே பாடுகிற சத்தத்தில் ஓடு அதிர்ந்தது.

5

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே நெப்ராஸ்காவில் ரீனாவை யாராவது புதிதாகப் பார்த்தால், நீ எந்த ஊர் என்று கேட்பார்கள். இந்த ஊர்தான் என்பாள். இல்லை, நிஜமாக எந்த ஊர் என்பார்கள். கடையிலும் கேட்பார்கள், பல் டாக்டரும் கேட்பார். கெட்ட எண்ணம் இல்லை, ஆசையாகத்தான் கேட்பார்கள். ஆனால் அந்த இரண்டாவது கேள்வி வரும்போதெல்லாம் அவள் முகம் சுண்டிவிடும். நான் பிறந்த ஆஸ்பத்திரி இந்தத் தெருக் கோடியில்தான் இருக்கிறது என்று விறைப்பாகச் சொல்வாள்.

அன்று மாலை விடுதிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவள் என்னிடம் சொன்னதை மறக்க மாட்டேன். அங்கே என்னை அந்த ஊர்க்காரி இல்லை என்கிறார்கள். இங்கே வந்தால் இந்த ஊர்க்காரி என்று சொல்லி வகுப்பைப் பிடுங்குகிறார்கள். நான் எங்கேதான் போவது, அம்மா? இதை ஆங்கிலத்தில்தான் சொன்னாள். கடைசியில் வந்த 'அம்மா' மட்டும் தமிழ். சின்ன வயதுக்குப் பிறகு என்னை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

சனிக்கிழமைக்குள் ஒரு வகுப்பு அமையவில்லை என்றால் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு நெப்ராஸ்காவுக்கே திரும்பிப் போகிறேன் என்று கரோலிடம் சொல்லிவிட்டாள். கரோலும் சரி என்றாள். இப்போது போனால் போனதுதான். இனி இந்த ஊர் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். நிபந்தனையை மீறி அழுதுவிடுவேனோ என்று பயந்து, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

6

வகுப்பு நடக்கும் நேரம் முழுக்க, பஸ்ஸேறி வந்த தாய்மார்கள் வீட்டுக்குப் போகாமல் மைதானத்துப் புங்கை மரத்தடியில்தான் காத்திருப்பார்கள். போய்விட்டு மறுபடி வருவதென்றால் பொழுது சரியாகிவிடும். தூக்குவாளி, தண்ணீர்ப் பாட்டில், இடுப்பில் ஒரு சின்னது என்று ஒரு திருவிழாக் கூட்டம் அங்கே உட்கார்ந்திருக்கும்.

வகுப்பில்லாத ரீனாவும் வராண்டாவில் வந்து உட்கார்ந்தாள். ஒரு பெண் எழுந்து வந்து, "செத்த நேரம் பிடி பாப்பா, தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லித் தன் நாலு வயது மகளை அவள் மடியில் வைத்துவிட்டுக் குழாய்க்குப் போனாள். எரியோட்டிலிருந்து வருபவள், பெயர் ஈஸ்வரி. வீட்டுக்காரரோடு சேர்ந்து முருங்கைக் காடு பார்ப்பவள். அவளுடைய மூத்த மகன் டைலரின் வகுப்பில் இருந்தான்.

ரீனா அந்தக் குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஆங்கிலம்தான். குழந்தைக்கு என்ன புரிந்ததோ, விழுந்து விழுந்து சிரித்தது. ஈஸ்வரி தண்ணீர் குடித்துவிட்டு வந்தவள் குழந்தையை வாங்காமல் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இந்தப் புள்ள என்னமாப் பேசுது. எங்க டியூசன் போகுது?"

அமெரிக்காவில் என்றேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் மகள்தான், டீச்சராக வந்தவள், பிள்ளைகள்தான் வரவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஈஸ்வரி முழுவதும் கேட்டாள். அப்புறம் மகளின் தலையைத் தடவியபடி தன் கதையைச் சொன்னாள்.

திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் இந்தச் சின்னவள் மதுவை எல்.கே.ஜி. சேர்க்க அவளுக்கு ஆசை. எரியோடு வரைக்கும் வேன் வருகிறது. ஆனால் அங்கே குழந்தையைவிடத் தாய் தகப்பனைத்தான் கேள்வி கேட்பார்கள். சித்திரையில் போனபோது இங்கிலீஷில் ஏதோ கேட்டிருக்கிறார்கள். இவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இடம் கிடைக்கவில்லை. மிச்சமிருக்கிற இடத்துக்கு இந்தச் சனிக்கிழமை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் இந்தத் தடவை வர மாட்டேன் என்றுவிட்டாராம், போன தடவை பட்ட அவமானம் போதும் என்று.

டைலரிடம் கேட்கலாமே என்று நான் ஒரு வீம்புக்குத்தான் சொன்னேன்.

"அந்த வெள்ளக்காரத் தம்பி முன்னாடி வாயத் தொறக்க வெக்கமா இருக்குக்கா. இதுன்னா நம்ம புள்ளயாட்டம் இருக்கு. தப்பாப் பேசுனா வீட்டுக்குள்ளதான பேசுனோம்னு போயிரும்."

கடைக்காரர் சொன்ன அதே வார்த்தை. நான் அதை ரீனாவுக்கு மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள், அவள் குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, மரத்தடிக்கு ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டாள்.

7

ரீனா டீச்சரின் வகுப்பு அப்படித்தான் தொடங்கியது. பாடப் புத்தகம் இல்லை, பாட்டு இல்லை; எல்.கே.ஜி. நேர்காணலுக்கு ஒத்திகை மட்டும்தான். பெஞ்சுக்குப் பின்னால் அவள் தலைமை ஆசிரியை சிஸ்டராக உட்கார்ந்துகொள்வாள். சகாயம் மதினியின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மூக்கு நுனியில் மாட்டிக்கொள்வாள். தாய்மார்கள் ஒவ்வொருவராகக் குழந்தையோடு வந்து, கும்பிட்டு, உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். சிஸ்டர் படுமோசமான கெடுபிடி. சத்தம் போதாது என்று திரும்ப அனுப்புவாள். கும்பிடும்போது இடுப்புக் குழந்தை நழுவினால் மதிப்பெண் குறைப்பாள்.

முதல் நாள் ஈஸ்வரியோடு மூன்று பேர். மறுநாள் சின்னாளபட்டியில் தறி ஓட்டும் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பூட்டுப் பட்டறைக்காரர் மனைவி வந்தார். எல்லோர் வீட்டிலும் எல்.கே.ஜி.க்கு ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஒருத்தி தடுமாறினால் மற்றவர்கள் கெக்கெக்கே என்று சிரிப்பார்கள், தடுமாறியவளும் சேர்ந்து சிரிப்பாள். ரீனாவின் கன்னத்தைக் கிள்ளுவார்கள். சடையை அவிழ்த்துப் பின்னிவிடுவார்கள். வாயில் முறுக்கைத் திணிப்பார்கள். நான் ஊட்டினால் குற்றம், மரத்தடியில் ஊட்டினால் மட்டும் வாங்கிக்கொண்டாள். எனக்கு அதுகூடச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

என்னை மொழிபெயர்க்க விடவில்லை. முதலில் கையால் பேசினார்கள், பிறகு அவள் ஆங்கிலமும் இவர்கள் தமிழுமாகக் கலந்து எப்படியோ ஓடியது. நான் போய்ப் பக்கத்தில் நின்றால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்கு, "ஹவுஸ் வைஃப்" என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஈஸ்வரி சொன்னதை ரீனா ஏற்கவில்லை. முருங்கை யார் ஒடிப்பது, யார் கட்டுக் கட்டுவது, மார்க்கெட்டுக்கு யார் கொண்டுபோவது என்று குறுக்குவிசாரணை செய்தாள். எல்லாம் நான்தான் என்றாள் ஈஸ்வரி. அப்படியானால் நீங்கள் விவசாயி என்று சொல்லுங்கள் என்றாள் ரீனா. சிஸ்டர் என்ன நினைப்பாரோ என்று ஈஸ்வரிக்குப் பயம். பள்ளிக்கூடத்தில் வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று சொன்னால்தான் கௌரவம் என்று ஊரில் சொல்கிறார்களாம். இரண்டு பேரும் என்னைப் பஞ்சாயத்துக்கு இழுத்தார்கள். கடைசியில் ஈஸ்வரி எழுந்து நின்று, கையை முந்தானையில் துடைத்துவிட்டு, "ஐ ஆம் எ ஃபார்மர்" என்றாள். மரத்தடி முழுக்கக் கைதட்டியது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். தறிக்காரப் பெண்களும் அன்றே தங்கள் பதிலை மாற்றிக்கொண்டார்கள்.

டிக்கெட்டை மாற்றும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. நானாக எடுப்பேனா?

8

சனிக்கிழமை பள்ளிக்கு டீச்சரும் கூட வர வேண்டும் என்று ஈஸ்வரி அடம்பிடித்தாள். அமெரிக்கா டீச்சர் என்று காட்ட வேண்டும், அதனால் பேண்ட்டும் சட்டையும் போட்டு வா என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ரீனா பேண்ட்டை எடுத்தும் வைத்தாள். காலையில் பார்த்தால் சுங்குடித் தாவணியில் நிற்கிறாள், தலை நிறையப் பூ. மதினி வற்புறுத்தவில்லை, இவளாகவே கேட்டு வாங்கியிருக்கிறாள். ஈஸ்வரி அதைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

பள்ளி வராண்டாவில் எங்களை நிறுத்திவிட்டு ஈஸ்வரியும் மதுவும் உள்ளே போனார்கள். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது. ரீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் சொந்தப் பரீட்சைக்குக்கூட இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

தலைமை ஆசிரியை வயதான ஒரு கன்னியாஸ்திரி. ஈஸ்வரியைப் பார்த்ததும், போன தடவை பயந்து நின்றவள் என்று நினைவு வந்திருக்க வேண்டும். பாவம் என்று இந்த முறை தமிழிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"உக்காருங்கம்மா. பேரு என்ன?"

"மை நேம் இஸ் ஈஸ்வரி, சிஸ்டர்."

"தமிழ்லயே சொல்லலாம்மா. எத்தன புள்ளைங்க?"

"ஐ ஹேவ் டூ சில்ட்ரன், சிஸ்டர்."

சிஸ்டர் தமிழில் கேட்கக் கேட்க இவள் விடாமல் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். மரத்தடியில் அவ்வளவு பாடுபட்டுப் படித்ததை வீணாக்கிவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை. வேலை என்ன என்று கேட்டபோது, வராண்டாவில் நின்ற ரீனா மூச்சை நிறுத்திவிட்டாள். "ஐ ஆம் எ ஃபார்மர்" என்று உள்ளேயிருந்து கணீரென்று வந்தது. ரீனா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இங்கிலீஷ் யார் சொல்லிக்கொடுத்தது என்று சிஸ்டர் கேட்டார். மை டீச்சர், அமெரிக்கா டீச்சர் என்றாள் ஈஸ்வரி, வெளியே கையைக் காட்டி. சிஸ்டர் எட்டிப் பார்த்தார். வராண்டாவில் வெள்ளைக்காரி யாரும் இல்லை. பூ வைத்த ஒரு தாவணிப் பெண்தான் நின்றாள். அவளை உள்ளே கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

"நீ எந்த ஊரு பாப்பா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே கேள்வி. நெப்ராஸ்காவில் கேட்டால் ரீனாவின் முகம் சுண்டிப்போகும் கேள்வி. மொழிபெயர்க்கட்டுமா என்று கண்ணால் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக சிஸ்டரைப் பார்த்து, கொஞ்சம் கோணல் மாணலாக, "திண்டுக்கல்" என்றாள்.

ஆண்டவரே, பதினாறு வருடம் நான் காத்திருந்த வார்த்தை. வேறு எங்கே சொல்லியிருந்தாலும் நான் அங்கேயே முழங்காலில் நின்றிருப்பேன். ஆனால் அவள் சொன்ன இடம் சரியில்லை. ஈஸ்வரி பக்கென்று திரும்பி அவளை முறைத்தாள். சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னம்மா இது? நீங்க அமெரிக்கா டீச்சருங்கிறீங்க, இந்தப் புள்ள திண்டுக்கல்லுங்குது. எது நெசம்?"

நான் வாயைத் திறந்தேன். பாஸ்போர்ட்டைக் காட்டலாமா, ஃபாதருக்குப் போன் போடலாமா என்று எனக்குள் ஓடுகிறது. ரீனாவும் தான் சொன்னது ஈஸ்வரியைப் பொய்க்காரியாக்கிவிட்டது என்று புரிந்து திகைத்து நிற்கிறாள். இந்தக் கேள்விக்கு மரத்தடியில் யாரும் யாரையும் பழக்கவில்லை.

ஈஸ்வரி மதுவை மடியில் நேராக உட்காரவைத்தாள். பிறகு, தானே ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து எடுத்து, நிதானமாகச் சொன்னாள்.

"சிஸ்டர், ஷீ ஹேவ் டூ நேட்டிவ்."

சிஸ்டர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து மதுவின் பெயரை எழுதினார். ரீனா ஈஸ்வரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் நிபந்தனையை மறந்து, பள்ளிக்கூட அலுவலகம் என்றும் பார்க்காமல், நன்றாக அழுதேன். இத்தனை வருடமாக எந்த ஊர் எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நானும் என் மகளும் ஆளுக்கொரு பதில் சொல்லி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். எரியோட்டுக்காரி ஒரே வரியில் தீர்த்துவைத்துவிட்டு, வேன் எத்தனை மணிக்கு வரும் என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.